கதவைக் கழற்றாதீர்கள், சாவியைத் தேடுங்கள்

இம்முறை வந்த கடிதங்களைப் பிரித்தால் திரும்பத் திரும்ப ஒரே குரல்: “ஷேர் ஃபோல்டர் திறக்கவில்லை.” ஐந்தாறு சிஸ்டம், ஒரு சுவிட்ச், ஒரு பிரிண்டர் என்று நடக்கும் சின்ன அலுவலகங்களின் உயிர் அந்த ஒரு ஃபோல்டரில்தான் இருக்கிறது. அதனால் இந்தப் பக்கம் முழுவதும் அதற்கே.

கே: நேற்று மாலை வரை திறந்த ஷேர் ஃபோல்டர் இன்று காலை திறக்கவில்லை. முதலில் எதைத் தொடுவது?
— அச்சக மேலாளர், சிவகாசி

ப: எதையும் தொடாதீர்கள். பக்கத்து மேஜைக்காரரிடம் கேளுங்கள்: “உங்களுக்குத் திறக்குதா?” யாருக்குமே திறக்கவில்லை என்றால் கோளாறு அந்த ஃபோல்டர் இருக்கும் மெயின் சிஸ்டத்திலோ சுவிட்சிலோ இருக்கிறது. உங்களுக்கு மட்டும் என்றால் உங்கள் சிஸ்டத்திலோ, உங்கள் பெயருக்குக் கொடுத்த அனுமதியிலோ இருக்கிறது. பாதி வேலை இந்த ஒரு கேள்வியில் முடிந்துவிடும்.

மீதிப் பாதிக்குத் திரையில் வந்த செய்தியை முழுசாகப் படியுங்கள். ஒரு வீட்டைத் தேடிப் போகிறவருக்கு மூன்று இடத்தில் தடங்கல் வரலாம். வழி அடைபட்டிருக்கலாம், விலாசம் மாறியிருக்கலாம், வீடு கிடைத்தும் கதவு பூட்டியிருக்கலாம். ஷேர் ஃபோல்டருக்கும் வழி, விலாசம், சாவி என்ற அந்த மூன்றுதான். ‘நெட்வொர்க் பாத்’ கிடைக்கவில்லை என்றோ, பிழை எண் 53 என்றோ, 80070035 என்று முடியும் எண்ணோ வந்தால் வழியை அல்லது விலாசத்தைப் பாருங்கள். யூசர்நேமும் பாஸ்வேர்டும் கேட்டால் வாசல் வரை வந்துவிட்டீர்கள், சாவி பொருந்தவில்லை. ‘ஆக்சஸ் டினைட்’ என்று வந்தால் இன்னும் ஒரு படி உள்ளே: நீங்கள் யார் என்று வீட்டுக்குத் தெரிந்துவிட்டது, இந்த அறைக்கு உங்களுக்கு அனுமதி இல்லை.

மூன்றில் எது என்று தெரியாமல் செட்டிங்கை மாற்றத் தொடங்கினால், காலையில் ஒரு கோளாறாக இருந்தது மதியத்துக்குள் மூன்றாகிவிடும்.

கே: மதிய சாப்பாடு முடிந்து வந்தால் தினமும் ஷேர் போய்விடுகிறது. மெயின் சிஸ்டத்தின் மவுஸை அசைத்ததும் வந்துவிடுகிறது. வைரஸா?
— ஜவுளிக்கடை கணக்கர், கரூர்

ப: தூக்கம். நீங்கள் சாப்பிடும் நேரத்தில் அதுவும் கண்ணயர்கிறது. மெயின் சிஸ்டத்தின் பவர் செட்டிங்கில் ‘ஸ்லீப்’ என்பதை ‘நெவர்’ என்று மாற்றுங்கள். திரை மட்டும் அணையட்டும், சிஸ்டம் விழித்திருக்கட்டும்.

கே: கரண்ட் போய் வந்த மறுநாள் எல்லாம் ஷேர் திறப்பதில்லை. கரண்டுக்கும் ஃபோல்டருக்கும் என்ன சம்பந்தம்?
— அரிசி ஆலை அலுவலகம், தென்காசி

ப: நெருங்கிய சம்பந்தம். ரூட்டர் ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் ஓர் ஐ.பி. முகவரியைத் தருகிறது. தருவது சொந்தமாக அல்ல, குத்தகைக்கு. ‘லீஸ்’ என்பதே அதன் பெயர். கரண்ட் போய் ரூட்டர் புதிதாக எழுந்தால், பல ரூட்டர்கள் பழைய குத்தகைக் கணக்கை மறந்துவிடும். நேற்று 192.168.1.10 என்ற எண்ணில் இருந்த மெயின் சிஸ்டம் இன்று 14-இல் இருக்கும். மற்றவர்களின் ஷார்ட்கட் எல்லாம் 10-ஆம் எண் வீட்டையே தட்டிக்கொண்டிருக்கும்.

தீர்வு: ரூட்டருக்குள் போய் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்ற இடத்தில் மெயின் சிஸ்டத்துக்கு ஓர் எண்ணை நிரந்தரமாக ஒதுக்குங்கள். சிஸ்டத்திலேயே கையால் எண்ணைப் போட்டுக்கொள்ளவும் முடியும். ஆனால் ரூட்டர் குத்தகைக்கு விடும் வரிசைக்குள் இருக்கும் எண்ணைப் போட்டால், அதே எண்ணை அது இன்னொருவருக்கும் கொடுத்துவிடும். ஒரே விலாசத்தில் இரண்டு வீடு என்றால் தபால் இரண்டுக்கும் ஒழுங்காகப் போகாது.

இன்னொன்று. மெயின் சிஸ்டத்தை யு.பி.எஸ்.ஸில் போட்டுவிட்டு ரூட்டரையும் சுவிட்சையும் சுவர் பிளக்கில் விட்டுவைக்கும் அலுவலகங்கள் ஏராளம். அவை இரண்டும் மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடுபவை. அவற்றையும் யு.பி.எஸ்.ஸில் சேர்த்துவிடுங்கள்.

கே: என் சிஸ்டத்தின் ஐ.பி. 169.254 என்று தொடங்குகிறது. மற்றவர்களுடையது 192.168 என்று இருக்கிறது.
— மருந்து மொத்த வியாபாரம், வேலூர்

ப: ரூட்டரிடம் விலாசம் கேட்டு, பதில் வராமல், உங்கள் சிஸ்டம் தானே சூட்டிக்கொண்ட எண் அது. ஷேர் ஃபோல்டரை மறந்துவிட்டு கேபிளைப் பாருங்கள். சுவிட்சில் உங்கள் கேபிள் செருகிய துளையில் விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் பக்கத்துத் துளையில் மாற்றிச் செருகுங்கள். அப்போதும் எரியவில்லை என்றால் கேபிளை மாற்றுங்கள். எலி கடித்த கேபிளுக்கு எந்த சாஃப்ட்வேரிலும் மருந்து கிடையாது.

கே: ‘பிங்’ அடித்தேன், பதில் வரவில்லை. அப்படியென்றால் மெயின் சிஸ்டம் நெட்வொர்க்கிலேயே இல்லை என்றுதானே அர்த்தம்?
— டிப்ளமோ முடித்துப் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், ஓசூர்

ப: அவசரப்படாதீர்கள். பதில் வந்தால் வழி இருக்கிறது என்று நம்பலாம். வராவிட்டால் வழி இல்லை என்று தீர்மானிக்க முடியாது, ஏனென்றால் ஃபயர்வால் பிங்குக்கு மட்டும் பதில் சொல்லாமல் இருக்கலாம். விண்டோஸ் ஷேரிங் போய் வருவது 445 என்ற போர்ட் வழியாக. பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் என்ற கட்டளையில் மெயின் சிஸ்டத்தின் முகவரியையும் 445 என்ற போர்ட் எண்ணையும் கொடுங்கள். கடைசி வரியில் ‘ட்ரூ’ என்று வந்தால் வழி சுத்தம், இனி சாவியைப் பாருங்கள். ‘ஃபால்ஸ்’ என்றால் சாவியைப் பற்றிய பேச்சே வேண்டாம். வழியில்தான் அடைப்பு.

கே: முகவரி எண்ணைப் போட்டால் ஃபோல்டர் திறக்கிறது. கணினியின் பெயரைப் போட்டால் திறக்கவில்லை. ‘நெட்வொர்க்’ ஐகானுக்குள் போனால் பாதி சிஸ்டம் கண்ணிலேயே படவில்லை.
— கல்வி நிறுவன அலுவலகம், நாகர்கோவில்

ப: எண்ணில் திறக்கிறது என்றால் வழியும் சாவியும் நன்றாக இருக்கின்றன. பெயரை எண்ணாக மாற்றிச் சொல்கிற இடத்தில்தான் சிக்கல். மெயின் சிஸ்டத்துக்கு 15 எழுத்துக்குள், இடைவெளி இல்லாத ஒரு சுருக்கமான பெயர் வையுங்கள். பழைய நெட்பயாஸ் முறை அதற்கு மேல் உள்ள எழுத்துகளைக் கணக்கில் எடுக்காது.

‘நெட்வொர்க்’ ஐகானில் தெரியவில்லை என்பதற்காகக் கவலைப்படாதீர்கள். அங்கே தெரிவது ஓர் அறிவிப்புப் பலகை. மெயின் சிஸ்டத்தில் ‘ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்’ என்ற சர்வீஸ் ஓடினால்தான் பெயர் பலகையில் ஏறும். பலகையில் பெயர் இல்லாவிட்டாலும் வீடு இருக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு சாய்கோடு போட்டு, எண்ணையோ பெயரையோ தட்டி, நேராகப் போய்விடுங்கள்.

கே: புது இன்டர்நெட் கனெக்‌ஷன் மாற்றினோம். ரூட்டரும் புதிது. அன்றிலிருந்து ஷேர் இல்லை. ஃபயர்வாலை அணைத்தால் வேலை செய்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?
— கட்டுமானப் பொறியாளர் அலுவலகம், திருநெல்வேலி

ப: வேண்டாம், இன்றே மறுபடி போட்டுவிடுங்கள். உங்கள் மெயின் சிஸ்டத்துக்குப் புது ரூட்டர் என்பது அறிமுகமில்லாத ஊர். அறிமுகமில்லாத நெட்வொர்க்கை விண்டோஸ் ‘பப்ளிக்’ என்று எடுத்துக்கொண்டு, பேருந்து நிலையத்து வைஃபையில் இருப்பதுபோல எச்சரிக்கையாக எல்லாக் கதவையும் சாத்திக்கொள்ளும். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

மெயின் சிஸ்டத்தின் நெட்வொர்க் செட்டிங்கில் அந்தக் கனெக்‌ஷனைத் திறந்து ‘பப்ளிக்’ என்பதை ‘பிரைவேட்’ ஆக்குங்கள். ‘ஃபைல் அண்டு பிரிண்டர் ஷேரிங்’ போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஃபயர்வால் முழுசாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஷேர் வந்துவிடும். ஃபயர்வாலை அணைத்ததும் வேலை செய்தது என்பது உங்களுக்குக் கிடைத்த துப்பு. துப்பு கிடைத்ததும் அதைத் திரும்பப் போட்டுவிட்டு, தேட வேண்டிய இடத்தில் தேடுங்கள்.

கே: கேபிளில் இருப்பவர்களுக்குத் திறக்கிறது. வைஃபையில் இருப்பவர்களுக்கு இன்டர்நெட் வருகிறது, ஷேர் மட்டும் வருவதில்லை.
— பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம், திருப்பூர்

ப: இரண்டில் ஒன்று. முதலாவது, அவர்கள் சேர்ந்திருப்பது ‘கெஸ்ட்’ வைஃபை. விருந்தாளிக்கு இன்டர்நெட் உண்டு, வீட்டுக்குள் நடமாட அனுமதி இல்லை. அலுவலகத்தின் சொந்த வைஃபைக்கு மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, சிக்னல் போதவில்லை என்று யாரோ இன்னொரு ரூட்டர் வாங்கி மாட்டியிருக்கிறார்கள். கேபிள்காரர்களின் முகவரி 192.168.1 என்றும் வைஃபைக்காரர்களின் முகவரி 192.168.0 என்றும் தொடங்கினால் அதுதான். ஒரு ரூட்டருக்குப் பின்னால் இன்னொரு ரூட்டர் நின்று தனித் தெரு போட்டுவிட்டது. அதை ‘ஆக்சஸ் பாயின்ட்’ என்ற முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். அந்த வசதி இல்லாத ரூட்டர் என்றால், அதன் சொந்த முகவரியை முதல் ரூட்டரோடு மோதாதபடி மாற்றி, முகவரி வழங்கும் வேலையை நிறுத்தி, கேபிளை ‘வேன்’ துளையிலிருந்து எடுத்து ‘லேன்’ துளையில் செருகினால் போதும். எல்லோரும் ஒரே தெருவுக்கு வந்துவிடுவார்கள்.

ஒரு வேண்டுகோள்: கணக்கு மென்பொருளின் டேட்டா ஷேரில் இருந்தால், அதில் பதிவு போடுகிறவருக்குக் கேபிளே கொடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது தொடர்பு அறுந்தால் டேட்டா கெட வாய்ப்பு உண்டு. ஒரு நாள் பில்லை மறுபடி போடும் வேதனையோடு ஒப்பிட்டால் கேபிள் விலை ஒன்றுமே இல்லை.

கே: பாஸ்வேர்ட் சரியாகத்தான் போடுகிறேன். மெயின் சிஸ்டத்தில் அதையே போட்டால் திறக்கிறது. என் சிஸ்டத்திலிருந்து போட்டால் ‘தவறு’ என்கிறது. கண்ணைக் கட்டி காட்டில் விட்டதுபோல் இருக்கிறது.
— வழக்கறிஞர் அலுவலக உதவியாளர், மதுரை

ப: கட்டை அவிழ்த்துவிடுவோம். காட்டில் மூன்று பாதைதான்.

மெயின் சிஸ்டத்தில் நீங்கள் போடுவது நான்கு இலக்க ‘பின்’ எண்ணா? அந்த எண் அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் உரியது. நெட்வொர்க் வழியே செல்லாது. பின்னுக்குப் பின்னால் இருக்கும் உண்மையான பாஸ்வேர்ட்தான் வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைகிறவர் என்றால் அந்த ஈமெயிலும் அதன் பாஸ்வேர்டும்.

பாஸ்வேர்டே வைக்காத கணக்கா? வெறும் என்டர் தட்டி உள்ளே போகிற கணக்கை விண்டோஸ் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே திறக்கும். நெட்வொர்க்கிலிருந்து வந்தால் திறக்காது. ஒரு பாஸ்வேர்ட் வையுங்கள்.

மூன்றாவது, யாருடைய பெயரைச் சொல்லி வாசலில் நிற்கிறீர்கள் என்பது. வெறும் யூசர்நேம் போட்டால், உங்கள் சிஸ்டத்தில் இருக்கும் அதே பெயர்க்காரர் என்று சில சமயம் எடுத்துக்கொள்ளப்படும். மெயின் சிஸ்டத்தின் பெயர், ஒரு சாய்கோடு, பிறகு யூசர்நேம் என்று முழு விலாசத்தோடு போடுங்கள்.

நிரந்தர ஏற்பாடு ஒன்றும் சொல்கிறேன். மெயின் சிஸ்டத்தில் ஒவ்வொரு ஊழியர் பெயருக்கும் தனித்தனி லோக்கல் கணக்கு உருவாக்கி, தனித்தனி பாஸ்வேர்ட் கொடுங்கள். முதலாளியின் பாஸ்வேர்டை எட்டுப் பேர் மனப்பாடமாக வைத்திருக்கும் நிலை அன்றோடு ஒழியும்.

கே: மெயின் சிஸ்டத்தில் பாஸ்வேர்ட் மாற்றினோம். புது பாஸ்வேர்டைப் போட வாய்ப்பே தராமல் என் சிஸ்டம் ‘முடியாது’ என்கிறது.
— காப்பீட்டு முகவர் அலுவலகம், கும்பகோணம்

ப: பழைய சாவியை உங்கள் சிஸ்டம் பத்திரமாக வைத்திருக்கிறது. உங்களைக் கேட்காமலே அதைப் போட்டுப் பார்த்துத் தோற்கிறது. கன்ட்ரோல் பேனலில் ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ திறந்து, ‘விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்’ பகுதியில் மெயின் சிஸ்டத்தின் பெயரில் இருக்கும் பதிவை நீக்குங்கள். ஒருமுறை லாக் ஆஃப் செய்து வாருங்கள். புது சாவியைக் கேட்கும்.

பிழை எண் 1219 வந்தால் அது வேறு. ஒரே மெயின் சிஸ்டத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயரில் நுழையப் பார்க்கிறீர்கள், அதை விண்டோஸ் ஏற்பதில்லை. முதல் தொடர்பைத் துண்டித்துவிட்டு இரண்டாவது பெயரில் போங்கள்.

கே: ஃபோல்டர் திறக்கிறது, படிக்க முடிகிறது, சேவ் பண்ண முடியவில்லை. எனக்கு ‘ஃபுல் கன்ட்ரோல்’ கொடுத்திருப்பதாக முதலாளி சத்தியம் செய்கிறார்.
— மஞ்சள் மண்டி கணக்கர், ஈரோடு

ப: அவர் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். ஒரு கதவுக்கு மட்டும் உண்மை.

ஷேர் ஃபோல்டருக்குக் கதவு இரண்டு. ஒன்று தெருக்கேட். ஃபோல்டரின் ‘ஷேரிங்’ டாபில், ‘அட்வான்ஸ்டு ஷேரிங்’ உள்ளே, ‘பெர்மிஷன்ஸ்’ என்று இருப்பது. நெட்வொர்க் வழியாக வருகிறவர்களுக்கு மட்டும் அது பொருந்தும். மற்றொன்று அறைக்கதவு. அதே ஃபோல்டரின் ‘செக்யூரிட்டி’ டாப். மெயின் சிஸ்டத்தில் நேராக உட்கார்ந்திருப்பவருக்கும் இது பொருந்தும். இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லுபடியாகும். அறைக்கதவை முதலாளி விரியத் திறந்து வைத்திருந்தாலும், தெருக்கேட்டில் ‘ரீட்’ மட்டும் இருந்தால் நீங்கள் படித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அட்வான்ஸ்டு ஷேரிங்கில் புதிதாக ஷேர் செய்தால் தெருக்கேட்டில் ‘எவ்ரிஒன் – ரீட்’ என்பதே தானாக விழும். உங்கள் அலுவலகத்தில் நடந்ததும் பெரும்பாலும் இதுவே.

என் சிபாரிசு: தெருக்கேட்டில் அலுவலக ஊழியர்களுக்கு ‘சேஞ்ச்’ கொடுத்துவிடுங்கள். யார் எந்த அறைக்குப் போகலாம் என்பதை ‘செக்யூரிட்டி’ டாபில் ஃபோல்டர் ஃபோல்டராகத் தீர்மானியுங்கள். எழுத வேண்டியவருக்கு ‘மாடிஃபை’ போதும். ‘ஃபுல் கன்ட்ரோல்’ என்பது அனுமதிகளையே மாற்றும் அதிகாரம். பில் போடுகிறவருக்கு அது தேவைப்படாது.

கே: ஒரே ஃபோல்டருக்குள் சில ஃபைல் திறக்கிறது, சில ஃபைல் ‘ஆக்சஸ் டினைட்’ என்கிறது. ஒரே பானைச் சோற்றில் பாதி வெந்து பாதி வேகாதது எப்படி?
— தணிக்கையாளர் அலுவலகம், தஞ்சாவூர்

ப: வேகாத ஃபைல்களை யாரோ மெயின் சிஸ்டத்திலேயே வேறு ஃபோல்டரிலிருந்து ‘கட்–பேஸ்ட்’ செய்து கொண்டுவந்திருக்கிறார்கள். ஒரே டிரைவுக்குள் நகர்த்தினால் ஃபைல் தன் பழைய வீட்டு அனுமதிகளைச் சுமந்துகொண்டே வரும். ‘காப்பி–பேஸ்ட்’ செய்தால் புது வீட்டு அனுமதிகளை ஏற்றுக்கொள்ளும். முதலாளியின் சொந்த டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து நகர்த்திய ஃபைல் அவர் ஒருவருக்கே திறப்பது இதனால்தான். அந்த ஃபைல்களைக் காப்பி செய்து அதே ஃபோல்டரில் வைத்து, திறக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, பழையதை நீக்குங்கள்.

கே: “எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல் கொடுத்துடுங்க, அப்புறம் பிரச்சினையே வராது” என்று எங்கள் சர்வீஸ் ஆள் சொல்கிறார். செய்யலாமா?
— இரும்புக்கடை உரிமையாளர், விழுப்புரம்

ப: கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

பூட்டு திறக்கவில்லை என்று கூப்பிட்டதும் வந்து கதவையே கழற்றி வைத்துவிட்டுப் போவதுதான் ‘எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல்’. அன்றைக்கு உள்ளே போக முடிகிறது. அடுத்து வருகிறவருக்கும் அதே வசதி. அந்த அடுத்தவர் மனிதராகக்கூட இருக்க வேண்டியதில்லை. பில்லிங் சிஸ்டத்தில் யாரோ தெரியாமல் ஓர் ஈமெயில் இணைப்பைத் திறக்கிறார். உள்ளே வந்த ரான்சம்வேர் அந்த ஊழியரின் கையால் எழுத முடிகிற எல்லாவற்றையும் பூட்டும். அவருக்கு ஒரு ஃபோல்டரில் மட்டும் எழுத அனுமதி இருந்தால் இழப்பு அந்த ஃபோல்டரோடு நிற்க வாய்ப்புண்டு. மெயின் சிஸ்டம் முழுக்க ‘ஃபுல் கன்ட்ரோல்’ என்றால் கணக்கு, ஒப்பந்தம், வாடிக்கையாளர் பட்டியல் எல்லாம் ஒரே மூச்சில் போகும்.

நடந்த கதையையும் சொல்கிறேன். 2017 மே 12 அன்று கிளம்பிய ‘வான்னாக்ரை’ 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியது. இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. அது புகுந்த வழி இதே ஃபைல் ஷேரிங்கின் பழைய வடிவமான எஸ்.எம்.பி. 1. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. போட்டவர்கள் சிஸ்டத்துக்குள் அந்த வழியாக அதனால் நுழைய முடியவில்லை.

ஆகவே ‘எவ்ரிஒன்’ வேண்டாம். கணக்கு, விற்பனை, நிர்வாகம் என்று குழுக்கள் அமையுங்கள். அனுமதியைக் குழுவுக்குக் கொடுங்கள், ஆளைக் குழுவில் சேருங்கள். புதிதாகச் சேர்த்தவர் ஒருமுறை லாக் ஆஃப் செய்து வந்தால்தான் குழு அனுமதி கைக்கு வரும் என்பதை மறக்காதீர்கள். ஒரு மணி நேர வேலை. அந்த ஒரு மணி நேரம் உங்கள் பத்து வருட உழைப்புக்குக் காவல்.

கே: பெரிய ஜெராக்ஸ் மெஷினிலிருந்து ஸ்கேன் நேராக ஷேர் ஃபோல்டருக்கு வந்துகொண்டிருந்தது. மெயின் சிஸ்டத்தைப் புது விண்டோஸ் 11-க்கு மாற்றியதிலிருந்து வரவில்லை. எஸ்.எம்.பி. 1-ஐப் போட்டால் வரும் என்கிறார்கள்.
— பத்திர எழுத்தர், நாமக்கல்

ப: வரலாம். முந்தைய பதிலில் சொன்ன ஓட்டை வழியும் கூடவே வரும். 2017 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்தே அது தானாக இன்ஸ்டால் ஆவதில்லை. எடுத்துவிட்டதற்குக் காரணம் இருக்கிறது.

இந்த வரிசையில் பாருங்கள். மெஷினின் நெட்வொர்க் மெனுவில் எஸ்.எம்.பி. 2 அல்லது 3 என்ற தேர்வு இருக்கிறதா? பல மெஷின்களில் இருக்கும், போடாமல் விட்டிருப்பார்கள். இல்லையென்றால் கம்பெனி சர்வீஸில் கேட்டு ஃபர்ம்வேர் அப்டேட் செய்யுங்கள். ஸ்கேனருக்கென்று மெயின் சிஸ்டத்தில் தனிக் கணக்கும் பாஸ்வேர்டும் உருவாக்கி, ஸ்கேன் விழும் ஃபோல்டருக்கு மட்டும் எழுத அனுமதி கொடுங்கள். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, ஷேரிங்கில் போய் வரும் ஒவ்வொரு தகவலுக்கும் கையொப்பம் கேட்கிறது. பழைய மெஷினுக்கு அந்தக் கையொப்பம் போடத் தெரியாமல் இருக்கலாம். எதுவும் நடக்கவில்லை என்றால் ஸ்கேனை ஈமெயிலுக்கோ பென் டிரைவுக்கோ அனுப்புங்கள். சற்றுச் சிரமம்தான். பத்திரங்களைப் பறிகொடுக்கும் சிரமத்தைவிட மிகக் குறைவு.

கே: நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டியைத் திறந்தால், ‘உங்கள் ஆர்கனைசேஷனின் பாலிசி தடுக்கிறது’ என்று வருகிறது. நாங்கள் மூன்றே பேர். பாலிசி எல்லாம் யாரும் போடவில்லை.
— புகைப்பட ஸ்டுடியோ, காரைக்குடி

ப: போட்டது விண்டோஸ். பெயர் சொல்லாமல் ‘கெஸ்ட்’ ஆக உள்ளே போவதை அது இப்போது அனுமதிப்பதில்லை. ஸ்டோரேஜ் பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் மூன்று பேருக்கும் மூன்று யூசர் உருவாக்குங்கள். பெயரைச் சொல்லிப் போனால் திறக்கும்.

கே: எக்செல் ஃபைல் ‘வேறொருவர் திறந்திருக்கிறார்’ என்கிறது. யாரைக் கேட்டாலும் “நான் இல்லை” என்கிறார்கள்.
— பேருந்து நிறுவன அலுவலகம், சேலம்

ப: எல்லோரும் உண்மையே சொல்லியிருக்கலாம். சிஸ்டம் திடீரென்று அணைந்தால் திறந்த ஃபைல் மூடப்படாமல் அப்படியே நிற்கும். மெயின் சிஸ்டத்தில் ‘கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்’ திறந்து, ‘ஷேர்டு ஃபோல்டர்ஸ்’ உள்ளே ‘ஓப்பன் ஃபைல்ஸ்’ பாருங்கள். எந்த ஃபைல், யார் பெயரில் என்று பட்டியல் இருக்கும். அங்கிருந்தே மூடலாம். மூடுமுன் அந்தப் பெயருக்குரியவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். உண்மையிலேயே அவர் வேலை செய்துகொண்டிருந்தால், சேவ் செய்யாததெல்லாம் போய்விடும்.

கே: இசட் டிரைவ் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறக்கும் எங்கள் சாஃப்ட்வேருக்கு மட்டும் அது தெரிவதில்லை.
— ஆய்வுக்கூடம், திருச்சி

ப: உங்கள் பெயரில் இணைத்த டிரைவ் உங்களுக்கு. அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடும் சாஃப்ட்வேரை விண்டோஸ் தனி ஆளாகக் கருதுகிறது. டிரைவ் எழுத்துக்குப் பதில் இரண்டு சாய்கோட்டில் தொடங்கும் முழு விலாசத்தை அந்த சாஃப்ட்வேரில் கொடுத்துப் பாருங்கள்.

கே: இருபது பேர் வரை சரியாக இருந்தது. இருபத்தொன்றாவது ஆள் சேர்ந்ததும் தகராறு.
— ஏற்றுமதி நிறுவனம், தூத்துக்குடி

ப: கணக்குச் சரியாக இருக்கிறது. விண்டோஸ் 10, 11 போன்ற சாதாரணப் பதிப்புகள் ஒரே நேரத்தில் 20 தொடர்பு வரைதான் ஏற்கும். வளர்ந்துவிட்டீர்கள், வாழ்த்துகள். நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டியோ சர்வரோ வாங்கும் நேரம் வந்துவிட்டது. லினக்ஸ் தெரிந்தவர் இருந்தால் ஸாம்பா சர்வர் அமைக்கலாம். அதற்கு லைசென்ஸ் கட்டணம் கிடையாது.

கே: ஸாம்பா என்பது பிரேசில் நாட்டு நடனம்தானே? அதற்கும் ஃபைலுக்கும் என்ன உறவு?
— கல்லூரி மாணவி, யாழ்ப்பாணம்

ப: மூன்று எழுத்து உறவு. எஸ்.எம்.பி. என்ற ஷேரிங் முறை 1980-களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் வடிவமைத்தது. மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்தது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், விண்டோஸ் அல்லாத கணினிகளும் அதே மொழி பேச ஒரு மென்பொருளை எழுதினார். முதலில் வைத்த பெயர் வேறொருவரின் வணிகப் பெயரோடு மோதியது. எஸ், எம், பி என்ற மூன்று எழுத்தும் அதே வரிசையில் வரும் சொல்லைக் கணினியைக் கொண்டு அகராதியில் தேடினார். கிடைத்த சொற்களில் ஒன்று ஸாம்பா.

கே: ஷேர் ஃபோல்டரில் ஒரு முக்கியமான ஃபைலை டெலீட் செய்துவிட்டேன். ரீசைக்கிள் பின்னில் இல்லை. முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை. கை நடுங்குகிறது.
— பெயர் வேண்டாம்

ப: முதலில் சொல்லிவிடுங்கள். நேரம் போகப் போக மீட்பது கடினமாகும். நெட்வொர்க் வழியாக அழித்த ஃபைல் சாதாரணமாக ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை. நேராகப் போய்விடும். மெயின் சிஸ்டத்தில் அந்த டிரைவில் இனி எதையும் புதிதாக எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். ஃபோல்டரின் ‘பிரீவியஸ் வெர்ஷன்ஸ்’ டாபில் பழைய பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஈமெயில், வாட்ஸ்ஆப், மற்றவர்களின் டெஸ்க்டாப் என்று தேடுங்கள். எங்காவது ஒரு நகல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் முதலாளிகளுக்கு: அந்த ஊழியரைத் திட்டாதீர்கள். ஒரு விரல் தவறினால் ஓராண்டுக் கணக்கு அழியும் என்ற நிலையில் அலுவலகத்தை வைத்திருந்தது யார்? எதையும் மூன்று பிரதியாக, இரண்டு வகை ஊடகத்தில், ஒன்றை அலுவலகத்துக்கு வெளியே வையுங்கள். பேக்கப் டிஸ்க்கை வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க்கை ரான்சம்வேர் விட்டுவைக்காது. மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப் விதைத்துப் பார்க்காத விதை.

கே: வீட்டிலிருந்தே ஷேர் ஃபோல்டரைத் திறக்க ரூட்டரில் 445 போர்ட்டைத் திறந்துவிடலாம் என்று நண்பர் சொன்னார்.
— வரி ஆலோசகர், கோயம்புத்தூர்

ப: உலகத்தின் பார்வைக்குப் பீரோவைத் தெருவில் வைப்பதற்குச் சமம். வி.பி.என். அமைத்து, அதன் வழியாக அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழைந்து, பிறகு ஷேரைத் திறவுங்கள்.

கே: ஒருவர் வேலையை விட்டு நின்றுவிட்டார். கணினி விஷயத்தில் என்ன செய்ய வேண்டும்?
— டிராவல்ஸ் உரிமையாளர், திண்டுக்கல்

ப: அன்று மாலையே அவர் கணக்கை ‘டிசேபிள்’ செய்யுங்கள். அவர் மீது சந்தேகம் இருக்க வேண்டியதில்லை. நாளை ஏதாவது காணாமல் போனால் அவர் மீது பழி விழாமல் காப்பதும் இதுதான். எல்லோருக்கும் ஒரே யூசர்நேம் என்ற அலுவலகத்தில் இதைச் செய்யவே முடியாது.

கே: நான் ப்ளஸ் டூ. பில்லிங் பார்க்கிறேன். ஷேர் திறக்கவில்லை என்றால் “என்ன பண்ணி வெச்ச?” என்று என்னைத்தான் முதலில் கேட்கிறார்கள். கம்ப்யூட்டர் படிக்காத நான் என்ன பதில் சொல்வது?
— பெயர் வேண்டாம், தருமபுரி

ப: அம்மா, இந்தப் பக்கத்தில் வந்த கேள்விகளை எண்ணிப் பாருங்கள். தூங்கின சிஸ்டம், மறந்துபோன ரூட்டர், தெருக்கேட்டில் விழுந்த ‘ரீட்’, புது விண்டோஸின் புது விதி. பெரும்பாலானவற்றில் பில் போடுகிறவரின் தவறு எதுவும் இல்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி மெயின் சிஸ்டம் பக்கத்தில் வையுங்கள். முதல் பக்கத்தில் மெயின் சிஸ்டத்தின் பெயர், முகவரி எண், ஷேர் ஃபோல்டரின் பெயர். பாஸ்வேர்ட் மட்டும் அதில் வேண்டாம். அடுத்த பக்கத்திலிருந்து, திறக்காத ஒவ்வொரு முறையும் நான்கு விஷயம் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு, யார் யாருக்குத் திறக்கவில்லை, திரையில் வந்த செய்தி என்ன, அதற்கு முன் அலுவலகத்தில் என்ன மாறியது. செய்தியை போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். யார் எதைச் சரி செய்தாலும், என்ன மாற்றினார் என்று அதே நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை கேட்கும்போது நோட்டை நீட்டி இப்படிச் சொல்லுங்கள்: “ஒன்பதரைக்கு கரண்ட் போச்சு சார். வந்ததுலேர்ந்து யாருக்குமே திறக்கல. எண் 53-னு வருது.” வழி, விலாசம், சாவி மூன்றில் எங்கே தேட வேண்டும் என்பது அந்த மூன்று வரியிலேயே இருக்கிறது. கம்ப்யூட்டர் படித்து வருகிறவரும் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.